மயில்கண் போன திசை

அன்று ஏப்ரல் பதின்மூன்று. பதினைந்தாம் தேதி முதல் குன்றில் தீ வைக்கக் கூடாது என்பது சட்டம். பறவைகள் முட்டையிடும் காலம். நாளைக்கு மழை என்று வானொலி சொல்லிவிட்டது. ஆக, லிங்கோய் தீவின் ஏழு வீட்டாருக்கும் குன்றின் கிழட்டுப் புதரை எரிப்பதற்கு மிஞ்சியிருந்தது அந்த ஒரே நாள்தான். அந்த ஒரே நாளைப் பார்த்துத்தானா ஆஸ்லாக்கின் பூச்சி கூட்டை விட்டு வெளியே வர வேண்டும்?

காலை ஏழு மணிக்குக் குன்வோர் அடுப்பில் காபி வைக்க வந்தபோது அவளுடைய அக்கா ஆஸ்லாக் ஜன்னலோரம் முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தாள். வலைத்துணி கட்டிய சின்னக் கூண்டு ஒன்று அங்கே ஆறு மாதமாக இருக்கிறது. அதற்குள், குன்றெங்கும் மண்டிக் கிடக்கும் லிங் என்ற ஆட்டுத்தீவனப் புதரின் காய்ந்த குச்சியில் பழுப்பு நிறத்தில் ஒரு கூடு, நெல்லிக்காயைவிடக் கொஞ்சம் பெரியது. இன்று அதற்குக் கீழே ஈரமாக ஏதோ ஒன்று தொங்கிக்கொண்டு இறகை விரித்துக்கொண்டிருந்தது. சாம்பல் நிற இறகு, ஒவ்வொன்றிலும் ஒரு கண்; அதனால்தான் அதற்கு மயில்கண் என்று பெயர். நாலு கண்ணும் குன்வோரையே முறைத்தன.

"பொட்டை," என்றாள் ஆஸ்லாக். "வயித்தப் பாரு, எவ்வளவு கனம். மத்தியானம் வெயில் வந்ததும் வாசனை விட ஆரம்பிச்சிரும்."

பக்கத்தில் நின்ற குன்வோருக்கே அது பாதிதான் கேட்டது. முப்பது வருடத்துக்கு முன் ஒரு காய்ச்சல் ஆஸ்லாக்கின் காதைக் கொண்டுபோய்விட்டது. தன் குரல் தனக்கே கேட்காதவள், கத்துவதாக நினைத்துக்கொண்டு முணுமுணுப்பாள். மற்றவர்களுக்கு அது வெறும் உதட்டசைவு. அக்கா சொன்னதை உரக்கத் திருப்பிச் சொல்வது தங்கையின் வேலையாகிவிட்டது. கடையில், மருத்துவரிடம், தேவாலய வாசலில், எல்லா இடத்திலும் குன்வோர்தான் அவளுக்கு வாய். அந்த வாய் ஒன்றும் நேர்மையான வாய் அல்ல. "இந்தப் பாதிரி ஒரு செம்மறித் தலையன்" என்று ஆஸ்லாக் சொன்னால், "பிரசங்கம் கொஞ்சம் நீளம்னு சொல்றா" என்று வெளியே வரும். உதட்டைப் படிக்கத் தெரிந்த ஆஸ்லாக் அதையும் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொள்வாள்.

அன்று அவள் சிரிக்கவில்லை. எழுந்து வந்து தங்கையின் முகத்துக்கு நேரே நின்றாள்.

"இன்னைக்குத் துணி போடாத, குன்வோர்."

"என்னது?"

"கரிமண் சரிவ இன்னைக்கு எரிக்கப் போறாங்க. அங்க பதினேழு கூடு எண்ணி வச்சிருக்கேன். எல்லாம் தரையில இருந்து ஒரு சாண் உயரத்துல, தண்டோட ஒட்டிக்கிட்டு இருக்கு. இன்னும் பத்து நாள் விட்டா அத்தனையும் பறந்துரும். மூணு வருஷமா நாலு பக்கமும் எரிச்சாச்சு. மிச்சம் அந்த ஒரு சரிவுதான்டி."

"வரப்போற பனிக்காலத்துல ஆடுங்க என்னத்தத் திங்கும்? உன் பூச்சியையா? கிழட்டு லிங்க எரிச்சாத்தான் குருத்து வரும். உனக்குத் தெரியாதா?"

"அடுத்த வருஷம் எரிக்கட்டும். ஒரு வீட்டுத் துணி இல்லேன்னா ஹால்வார் தீ வைக்க மாட்டான். மழை வந்துரும். அவ்வளவுதான்."

"மத்த ஆறு வீடும் எங்க போச்சு இந்தத் துணின்னு நம்ம வாசல்ல வந்து நிக்கும். நான்தானே பதில் சொல்லணும்? நீயா சொல்லப் போற?" குன்வோருக்குச் சுரீரென்று கோபம் ஏறிவிட்டது. அந்தப் பூச்சிக்கு வாய் கிடையாது, கூட்டை விட்டு வந்ததிலிருந்து சாகிற வரை எதையும் தின்னாது என்று அக்கா முன்பொரு நாள் சொன்னது அந்த நேரம் பார்த்து ஞாபகம் வந்தது. "நல்ல ஜோடி. வாயில்லாத பூச்சிக்கு வாயில்லாத வக்கீல்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு சொல்லியிருந்தாலாவது ஆஸ்லாக் படித்திருக்க மாட்டாள். அவள் காபிக் கோப்பையை மெல்ல மேசையில் வைத்தாள். கூண்டை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

சரி, போகட்டும், மத்தியானத்துக்குள் தணிந்துவிடுவாள் என்று குன்வோர் பாத்திரம் கழுவப் போனாள்.

துணி விஷயத்தைச் சொல்ல வேண்டும். குன்றில் தீ வைக்கிற நாளில் ஒவ்வொரு வீடும் தன் ஆட்களை எண்ணும். எல்லோரும் இருந்தால், குன்றைப் பார்த்த சுவரிலுள்ள ஆணியில் ஒரு வெள்ளைப் படுக்கைத் துணி தொங்கும். ஏழு துணியையும் பார்த்த பிறகுதான் மேட்டின் மேல் நிற்கும் தீத்தலைவன் ஹால்வார் தீப்பெட்டியை எடுப்பான். எண்ணுவது என்றால் வாயால் எண்ணுவது அல்ல. ஒவ்வொருவர் தோளையும் கையால் தொட வேண்டும். தொட்ட பிறகுதான் துணி. ஹால்வாரின் தாத்தா காலத்தில் ஒரு வீட்டில் போர்வைக்குள் படுத்திருந்தது அண்ணன் என்று நினைத்துத் துணி போட்டுவிட்டார்கள்; போர்வைக்குள் இருந்தது நாய். அன்றிலிருந்து இந்தச் சட்டம். சிரிப்பு வருகிற கதைதான், ஆனால் தீவில் யாரும் அதைச் சொல்லிச் சிரித்ததில்லை.

பதினொன்றரை மணிக்குப் பக்கத்து வீட்டு மாக்னில் வேலிக்கு மேல் தலையை நீட்டினாள்.

"ஆறு தொங்குது. உன்னோடதுதான் பாக்கி. ஹால்வார் மேட்டுல நின்னு கொட்டாவி விட்டுக்கிட்டு இருக்கான். உன் துணியில என்ன பூவேலையா நடக்குது?"

"இதோ போடறேன், இரு."

"ஆஸ்லாக் எங்க?"

"மாடியில. மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு."

"தொட்டுட்டியா?"

குன்வோர் வாசற்படியைப் பார்த்தாள். ஆஸ்லாக்கின் பழைய பூட்ஸ் அங்கேயே இருந்தது, குதிகாலில் ரப்பர் ஒட்டுப் போட்ட பூட்ஸ். ஆள் வீட்டில்தான் இருக்கிறாள், அதில் சந்தேகம் என்ன? மாடிக்குப் போய்க் கதவைத் திறந்தால் அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். மன்னிப்புக் கேட்க வேண்டும். அதற்கு இன்னும் மனசு வரவில்லை.

"தொட்டாச்சு, தொட்டாச்சு," என்றாள்.

துணியை எடுத்து ஆணியில் மாட்டினாள். மேட்டின் மேல் ஹால்வார் தொப்பியைத் தூக்கிக் காட்டினான். கொம்பை மூன்று தரம் ஊதினான். கிழக்கிலிருந்து வறண்ட காற்று வீசிக்கொண்டிருந்தது. இப்படிப்பட்ட நாளில் மேட்டில் வைத்தால் தீ சரிவு முழுக்க மேய்ந்துகொண்டு இறங்கி, போன வருடம் எரித்த ஓடைக்கரையில் வந்து தானே அணைந்துவிடும். ஓடைக்கு இந்தப் பக்கம்தான் வீடுகள். முதல் புகை எழுந்ததைப் பார்த்துவிட்டுக் குன்வோர் உள்ளே போனாள்.

மதியம் ஒரு மணி ஆனது. கோபம் வடிந்து, செய்தது உறுத்த ஆரம்பித்திருந்தது. அவள் வாஃபிள் சுட்டாள். ஆஸ்லாக்குக்குப் பிடித்த மாதிரி பழுப்புப் பாலாடைக்கட்டியைத் தடிமனாகச் சீவி மேலே வைத்தாள். தட்டோடு மாடி ஏறினாள். கதவுக்கு வெளியே ஒரு விளக்குச் சுவிட்ச் உண்டு. தட்டினால் கேட்காதவளுக்காக வைத்தது. இரண்டு தரம் போட்டு அணைத்தாள். பதில் இல்லை. மூன்றாம் தரம் போட்டாள்.

கதவைத் திறந்தாள். படுக்கை மடிப்புக் கலையாமல் இருந்தது. கூண்டு இல்லை. ஆணியில் மாட்டியிருக்கும் தொலைநோக்கியும் இல்லை.

தட்டை எங்கே வைத்தாள் என்று பிறகு எத்தனை யோசித்தும் அவளுக்கு ஞாபகம் வரவில்லை. கீழே ஓடிவந்து நடையின் அலமாரியைத் திறந்தாள். அவளுடைய சொந்தப் புதுப் பூட்ஸ் அங்கே இல்லை. ஆஸ்லாக் ஒட்டுப் போட்ட பூட்ஸை விட்டுவிட்டுத் தங்கையுடையதைப் போட்டுக்கொண்டு, பின்கதவு வழியாகப் போயிருக்கிறாள்.

ஏன் போனாள் என்பதும் அந்த நொடியிலேயே புரிந்துவிட்டது. ஆள் வீட்டில் இல்லையென்றால் தொட முடியாது. தொடவில்லை என்றால் துணி இல்லை. துணி இல்லையென்றால் தீ இல்லை. ஆஸ்லாக் சாகப் போகவில்லை. சட்டத்தை நம்பி, அதாவது தங்கையை நம்பி, நிம்மதியாகக் கரிமண் சரிவில் போய் உட்கார்ந்திருக்கிறாள். கொம்பு ஊதியது அவளுக்குக் கேட்டிருக்காது.

குன்வோர் வாசலுக்கு ஓடி ஆணியிலிருந்து துணியைப் பிடுங்கினாள். துணி இறங்கினால் தீயை நிறுத்து என்று அர்த்தம். யார் பார்ப்பது? மேட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே சுவர் மாதிரிப் புகை நின்றது. அவள் பைத்தியக்காரி மாதிரித் துணியைத் தலைக்கு மேல் வீசினாள்.

"என்னாச்சு?" மாக்னில் ஓடி வந்தாள்.

"ஆஸ்லாக் சரிவுல இருக்கா."

"தொட்டேன்னியே!"

"தொட்டேன்... அப்புறம் போயிருக்கா போல. நீ கரையோரமாச் சுத்தி ஓடு. ஹால்வார்கிட்டச் சொல்லு. ஓடு, மாக்னில்!"

அந்த நேரத்திலும் அந்தப் பொய் நாக்கில் தயாராக இருந்தது. கரையோரமாகச் சுற்றிப் போக முக்கால் மணி நேரம் ஆகும். அது இரண்டு பேருக்குமே தெரியும்.

துணியைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, அக்காவின் ஒட்டுப் பூட்ஸை மாட்டிக்கொண்டு, குன்வோர் ஓடையைத் தாண்டினாள். இடது பூட்ஸ் ஒழுகியது.

சரிவு ஒன்றும் சின்ன இடமல்ல. அந்தக் காலத்தில் அடுப்பில் விறகுபோல் எரிக்கக் கரிமண் வெட்டிய குழிகள் நாற்பதாவது இருக்கும், ஒவ்வொன்றும் மார்பளவு ஆழம். மேலே லிங் புதர் இடுப்பு உயரத்துக்கு வளர்ந்து குழியை மூடியிருக்கும். பத்தடி தள்ளி நின்றால்கூட எந்தக் குழியில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. நடக்க முடிகிறவளாக இருந்தால் புகையைப் பார்த்ததுமே ஆஸ்லாக் இறங்கி வந்திருப்பாள். வரவில்லை. அப்படியென்றால் நடக்க முடியவில்லை.

"ஆஸ்லாக்!" என்று குன்வோர் கத்தினாள். கத்திவிட்டு, யாரைப் பார்த்துக் கத்துகிறோம் என்று உணர்ந்து அழுதாள். பிறகும் கத்தினாள்.

மேலே தீயின் சத்தம் கேட்டது. தூரத்தில் கேட்கும்போது மழை போலவே இருந்தது. இரண்டு முயல்கள் அவள் காலருகே கீழ்நோக்கி ஓடின. அவளை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. கண் எரிந்தது. முதல் குழி வெறுமை. இரண்டாவதும் வெறுமை. மூன்றாவதில் செத்த ஆட்டின் எலும்பு. இன்னும் முப்பத்தேழு. இப்படி ஒவ்வொன்றாகப் பார்த்தால் தீதான் முதலில் கண்டுபிடிக்கும்.

அப்போது காதை உரசிக்கொண்டு ஏதோ பறந்தது.

ஆரஞ்சு நிறம். ஒரு நொடிதான் தெரிந்தது. மயில்கண்ணின் ஆண், பொட்டையைவிடச் சின்னது, பின்னிறகு மட்டும் நெருப்பு நிறம். வெயில் நாளில் கிறுக்குப் பிடித்தாற்போல் அங்கும் இங்கும் பறக்கும். தீவில் எல்லோரும் அதைப் பார்த்திருக்கிறார்கள், யாரும் நின்று பார்த்ததில்லை. குன்வோரும் இப்போது பார்த்திருக்க மாட்டாள். ஆனால் உடனே இன்னொன்று வந்தது. அதுவும் அதே பக்கம் போனது. காற்றை எதிர்த்து, சரிவின் மேல்நோக்கி, புகைக்குள்.

முயல்கூட அந்தப் பக்கத்திலிருந்து ஓடி வருகிறது. இதற்கு அங்கே என்ன வேலை?

இத்தனை வருடமாக சாப்பாட்டு மேசையில் ஆஸ்லாக் பூச்சிப் புராணம் படிக்கும்போதெல்லாம் குன்வோர் தலையை ஆட்டிக்கொண்டு உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவள். ஒரு வார்த்தையும் காதில் ஏறவில்லை என்றுதான் நினைத்திருந்தாள். ஏறியிருக்கிறது. 'பொட்டை நகராது, குன்வோர். ஒரே இடத்துல உக்காந்து வாசனை விடும். காத்து அதைக் கொண்டுபோவும். ஆண் அந்த வாசனையப் பிடிச்சுக்கிட்டு காத்துக்கு எதிரா வரும். ஒரு கிலோமீட்டருக்கு அப்பால இருந்தாலும் வரும். வேற எதுக்கும் நிக்காது.'

கூண்டு அக்காவோடு இருக்கிறது. கூண்டுக்குள் பொட்டை இருக்கிறது.

அவள் பூச்சி போன பக்கம் ஓடினாள். இருபது அடி தாண்டுவதற்குள் புகையில் அதைத் தொலைத்துவிட்டாள். அடுத்தது வரும் வரை நிற்க வேண்டும். நின்றாள். இதுதான் எல்லாவற்றிலும் கொடுமையாக இருந்தது. தீ வந்துகொண்டிருக்கிறது, அக்கா எங்கோ கிடக்கிறாள், இவள் துணியை மூக்கில் பொத்திக்கொண்டு ஒரு பூச்சிக்காகக் காத்து நிற்கிறாள். கால் திரும்பி ஓடச் சொன்னது. கால் சொன்னதைக் கேட்காமல் இருப்பதற்காக அவள் ஒரு புதரைக் கையால் இறுகப் பிடித்துக்கொண்டாள். வாய்விட்டுக் கெஞ்சினாள். "வா. வந்து தொலையேன். வா."

வந்தது. அவள் முகத்துக்கு நேரே ஒரு தடுமாற்றம், பிறகு இடதுபுறமாக வளைந்து மேலே போனது. அவள் பின்னாலேயே விழுந்து எழுந்து ஓடினாள். தொலைத்தாள். நின்றாள். வலதுபுறமாகக் கொஞ்சம் அதிகமாகவே ஓடி வந்துவிட்டோம் என்பதை அடுத்த பூச்சி காட்டிக் கொடுத்தது. இப்போது புகைக்கு நடுவே சிவப்பு தெரிந்தது. மழைச் சத்தம் போய், பெரிய துணியைக் கிழிக்கிற சத்தம் கேட்டது.

ஒரு குழியின் விளிம்பில் நாலைந்து ஆண் பூச்சிகள் சுற்றிச் சுற்றி மோதிக்கொண்டிருந்தன.

ஆஸ்லாக் அடியில் கறுப்புத் தண்ணீரில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கால் விபரீதமான கோணத்தில் மடங்கியிருந்தது. கூண்டை மார்போடு அணைத்திருந்தாள். தலை நிமிர்ந்தே இருந்தது, வாய் ஓயாமல் அசைந்துகொண்டிருந்தது. குன்வோர் குழிக்குள் குதித்து அவள் முகத்தருகே போன பிறகுதான் அது என்னவென்று கேட்டது. "குன்வோர். குன்வோர். குன்வோர்." கிசுகிசுப்பாக.

தங்கையைப் பார்த்ததும் நிறுத்தினாள்.

"ரெண்டு மணி நேரமா உசுரு போகக் கத்தறேன்," என்றாள். "உனக்கும் காது போயிடுச்சா?"

குன்வோர் அவள் அக்குளில் கை கொடுத்துத் தூக்கப் பார்த்தாள். ஆஸ்லாக்கின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. இன்னொரு தரம் தூக்கினாள். கரிமண் கரை சரிந்து விழுந்ததுதான் மிச்சம். இரண்டு பேருக்கும் சேர்த்து நூற்றுப் பதினேழு வயது. அதில் ஒருத்திக்குக் கால் முறிந்திருக்கிறது.

"நீ போ," என்றாள் ஆஸ்லாக்.

"வாய மூடு."

கழுத்திலிருந்து துணியை அவிழ்த்தாள். கறுப்புத் தண்ணீரில் போட்டு மிதித்தாள். வெள்ளைத் துணி தார் நிறமானது. சேற்றை வாரி வாரி இருவர் தலையிலும் பூசினாள். ஆஸ்லாக்கைப் பக்கவாட்டில் தண்ணீரில் படுக்க வைத்து, தானும் படுத்து, சொட்டச் சொட்டத் துணியை இழுத்து மூடினாள். கூண்டு நடுவில் மாட்டிக்கொண்டது. அதைத் தூக்கி எறியப் போனவளின் கையை ஆஸ்லாக் தட்டிவிட்டாள்.

துணிக்கடியில் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. ஆஸ்லாக் கண்ணை மூடவில்லை. தங்கையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதற்கு இப்படிப் பார்க்கிறாள் என்று குன்வோருக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. தீ எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அவளுக்குக் கேட்காது. அதைத் தங்கையின் முகத்தில் படிக்கிறாள்.

குன்வோர் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டாள். கிழியும் சத்தம் தலைமாட்டுக்கு வந்தது. பிறகு அது சத்தமாகவே இல்லை, மண் அதிர்ந்தது. துணிக்கு அந்தப் பக்கம் ஆரஞ்சாகி, வெள்ளையாகி, காற்று முழுவதையும் யாரோ உறிஞ்சி எடுத்தது போல் ஆனது. துணியைப் பிடித்திருந்த விரல்கள் பொரிந்தன. அவள் விடவில்லை. செத்துப்போகப் போகிறோம் என்று நினைத்தாள். அக்காவின் கண்ணில் அதே நினைப்பு வருவதைப் பார்த்தாள். அப்படியென்றால் முகம் தோற்றுவிட்டது, எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

லிங் வேகமாக எரியும், வேகமாகப் போகும். எத்தனை நேரம் என்று அவளால் சொல்ல முடியாது. ஹால்வார் பிறகு இரண்டு நிமிடம் இருக்கும் என்றான். சத்தம் கால்மாட்டுக்குப் போனது. பிறகு ஓடைப் பக்கம். துணியிலிருந்து ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது.

குன்வோர் துணியை விலக்கினாள். வானம் இருந்தது. குழியைச் சுற்றி எதுவும் இல்லை, கறுப்புக் குச்சிகள் மட்டும் புகைந்துகொண்டு நின்றன. ஆஸ்லாக் கூண்டைத் தூக்கிப் பார்த்தாள். வலைத்துணியின் ஒரு மூலை பொசுங்கியிருந்தது. உள்ளே பொட்டை இருந்த இடத்திலேயே இருந்தது. எப்போதோ திறந்துகொண்ட கதவு வழியாக ஒரு ஆண் நுழைந்து அதோடு சேர்ந்திருந்தது. இரண்டும் அசையவில்லை, உலகத்தில் எதுவுமே நடக்காதது போல.

"பதினேழும் போச்சு," என்றாள் ஆஸ்லாக். அழுதாள். குன்வோருக்கு அழுகை வரவில்லை.

கறுப்பின் மேல் ஆட்கள் ஓடி வந்தார்கள். முன்னால் ஹால்வார், கையில் இன்னும் தீயடிக்கும் மண்வெட்டி. பின்னால் நாலு பேர். கடைசியில் மூச்சிரைக்க மாக்னில். அவர்கள் ஆஸ்லாக்கைத் தூக்கிக் கரையில் உட்கார வைத்தார்கள். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். ஹால்வார் பெரிய உடம்புக்காரன், எதற்கும் அசராதவன். அவன் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு எரிந்த மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"ஏழு தொங்குச்சு," என்றான். "நான் ரெண்டு தரம் எண்ணினேன். எண்ணிட்டுத்தான் வச்சேன். உங்க வீட்டுத் துணி தொங்குச்சு, குன்வோர்."

"தொங்குச்சு."

"நான் ஒரு மனுஷியக் கொளுத்தப் பார்த்தேன். நான். இந்தக் கையால." அவன் குரல் உடைந்தது. "யாரு தொட்டுட்டுத் துணி போட்டது?"

மாக்னில் குன்வோரைப் பார்த்தாள், பிறகு அவள் காலிலிருந்த ஒட்டுப் பூட்ஸைப் பார்த்தாள். தொடாமல் துணி போட்ட வீட்டின் ஆணியைப் பிடுங்கிவிடுவார்கள். அதன் பிறகு அந்த வீட்டுச் சொல்லை யாரும் நம்ப மாட்டார்கள். தீ வைக்கிற நாளில் வேறு வீட்டு ஆள் வந்து, ஆட்டுப் பட்டியை எண்ணுகிற மாதிரி அவர்களை எண்ணிவிட்டுப் போவான். குன்வோருக்கு நினைவு தெரிந்து அப்படி ஒரு வீடு இருந்ததில்லை.

ஆஸ்லாக் ஹால்வாரின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். படித்துவிட்டாள். தண்ணீர்க் குவளையை மடியில் வைத்துக்கொண்டு பேசினாள்.

"குன்வோர் தொட்டா. காலையில தோளத் தொட்டுட்டுத்தான் கீழ போனா. நான்தான் அப்புறம் பின்கதவு வழியா நழுவினேன். தப்பு என்னோடது."

உதடு அசைந்தது மட்டும்தான் அவர்களுக்குத் தெரிந்தது. ஹால்வார் குன்வோர் பக்கம் திரும்பினான். எல்லோரும் திரும்பினார்கள், முப்பது வருடமாகத் திரும்புகிற மாதிரி.

"என்ன சொல்றா?"

மாக்னிலிடம் சொன்ன பொய்யோடு இது அச்சாகப் பொருந்துகிறது. அக்கா சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னால் போதும். இந்த முறை எதையும் மாற்றக்கூட வேண்டாம். ஆணி சுவரில் இருக்கும். யாருக்கும் எப்போதும் தெரியாது. தீ தலைக்கு மேல் போனபோது இருந்த பயம் ஒரு மாதிரி. இது வேறு மாதிரி.

"தொடலைன்னு சொல்றா," என்றாள் குன்வோர். கடைசியில் நிற்கிறவனுக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னாள். "என் தங்கச்சி மாடிக்கே வரலை, என்னத் தொடாமத்தான் துணி போட்டான்னு சொல்றா. தொடாமப் போடுவான்னு நான் நினைக்கவே இல்ல, அவள நம்பித்தான் இங்க வந்து உக்காந்தேன்னு சொல்றா."

ஆஸ்லாக் அவள் உதட்டைப் படித்துக்கொண்டிருந்தாள். "நான் அப்படிச் சொல்லல," என்றாள். "ஹால்வார், இவ பொய் சொல்றா. நான் அப்படிச் சொல்லவே இல்ல." குவளையை விட்டுவிட்டு இரண்டு கையாலும் மறுத்தாள். உயிர் போகக் கத்தினாள். பக்கத்தில் இருந்த ஒருத்திக்கு மட்டும்தான் அது கேட்டது.

ஹால்வார் மண்வெட்டியைக் கையில் எடுத்தான். பிறகு, "சாயங்காலம் ஆள் அனுப்பறேன்," என்றான்.

"வேண்டாம். ஆணிய நானே பிடுங்கறேன்."

அவர்கள் ஆஸ்லாக்கைத் தூக்குவதற்குப் பலகை எடுக்கப் போனார்கள். குன்வோர் பொரிந்த கையை நீட்டி அக்காவின் தோளைத் தொட்டாள். சேறு காய்ந்து தோள் சொரசொரப்பாக இருந்தது. ஆஸ்லாக் கோபமாக முகத்தைத் திருப்பிக்கொண்டாள், ஆனால் தோளை நகர்த்தவில்லை. பலகை வரும் வரை குன்வோர் கையை எடுக்கவில்லை.